மருந்தடித்த நிரை: ஒரு தோட்டப் பட்டணத்தில் பிள்ளைகளுக்கான மாலைநேர இயற்கை வகுப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் நிகழ்வு மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு பட்டணத்தில் நடந்தது. பிள்ளைகள், பெற்றோர், தோட்டம், பள்ளி எதற்கும் இதில் பெயர் கொடுக்கவில்லை. இன்னமும் அங்கேயே வேலை செய்து, அங்கேயே குடியிருப்பவர்களைப் பற்றிய செய்தி என்பதே காரணம்.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே மாவட்டத்துத் தென்னமாரத்தில் நடப்பட்டது. ஆகவே இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குச் செம்பனை மூன்று நான்கு தலைமுறை உறவு. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அது பள்ளி வேனின் சன்னலுக்கு வெளியே ஓடும் பச்சை, அவ்வளவுதான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பெரும்பாலும் போய்விட்டன. சில குடும்பங்கள் இன்னும் தோட்டத்து வீட்டில் இருக்கின்றன. மற்றவர்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான் எனும் குடியிருப்புகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டார்கள். அம்மா காலை ஏழு மணிக்குள் கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார். பிள்ளை பள்ளிவிட்டு ஒரு மணிக்கு வந்துவிடும். இடைப்பட்ட நேரம் பாட்டி, தொலைக்காட்சி, கைப்பேசி.

இரண்டு பாலர் பள்ளி ஆசிரியைகள், ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், அரசாங்கக் கிளினிக்கில் பணிபுரியும் ஒரு மருத்துவ உதவியாளர் என நாங்கள் நால்வர் சேர்ந்து, ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை வெளிப்புற வகுப்பு தொடங்கினோம். 18 பிள்ளைகள் சேர்ந்தார்கள். கட்டணம் கிடையாது.

தொடங்கும்போதே ஓர் எதிர்ப்பு இருந்தது. அதைச் சொல்லாமல் பின்னால் நடந்தது புரியாது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாத்தா எழுந்து, "நாங்க காட்டுல கிடந்தது போதாதா? புள்ளைங்களையும் ஏன் காட்டுக்கே இழுக்குறீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். காலை இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, வெயிலிலும் அட்டையிலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு, பிள்ளை சட்டை கசங்காமல் மேசை முன் உட்கார்ந்திருப்பதுதான் முன்னேற்றம். அந்த எண்ணத்தை நாங்கள் தவறென்று சொல்லவில்லை. அது பட்டு உணர்ந்தவர்களின் கணக்கு. இது வேலைக்கான பழக்கம் அல்ல, விளையாட்டும் கவனிப்பும்தான் என்று மட்டும் விளக்கினோம். தாத்தா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பேரனை அனுப்பினார்.

இடமும் நேரமும்

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு புல் திடல். அதன் ஓரத்தில் வெட்டாமல் விட்ட கொஞ்சம் பழைய ரப்பர் மரங்கள். அதற்கும் அப்பால் ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் செம்பனைக்காடு தொடங்கிவிடும். திடல், ரப்பர் மரங்கள், செம்பனையின் முதல் இரண்டு நிரைகள் ஆகிய மூன்றையும் பயன்படுத்தத் தோட்ட மேலாளர் வாய்மொழியாக அனுமதி தந்தார்.

நேரம் மாலை ஐந்து முதல் ஆறரை. ஐந்துக்கு முன் வெயில் தாங்காது. ஆறரைக்கு மேல் போகக்கூடாது என்பதில் மருத்துவ உதவியாளர் கண்டிப்பாக இருந்தார். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். நம் பக்கம் பொழுது ஏழு மணிக்கு மேல்தான் சாய்கிறது; அதற்குள் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய காலணி கட்டாயம்.

இடிச்சத்தம் கேட்டவுடன் எல்லாரும் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே போகக்கூடாது என்பது முதல் விதி. ஏப்ரல், மே மாதங்களிலும் ஆண்டுக் கடைசியிலும் மாலை இடிமழை இங்கே வழக்கமான சங்கதி. செம்பனை மட்டைகளை வெட்டி அடுக்கியிருக்கும் வரிசைக்குள் கையோ காலோ விடக்கூடாது: எலி அங்கே தங்கும், எலியைத் தேடி நாகம் வரும். மட்டையின் அடிப்பகுதி முள் சதைக்குள் ஏறினால் சீழ் வைக்கும், எனவே தனியாக மட்டையை இழுக்கக்கூடாது. எலிக்காய்ச்சல் பயத்தால் வாய்க்கால் தண்ணீரில் காலை நனைக்கவும் தடை. பட்டணத்துக்கு வெளியே, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைப் பக்கம் வகுப்பு ஒருநாளும் போகாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் வகுப்பு ரத்து; பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தும் அதே அளவு.

பாம்பு, இடி, கொசு, தண்ணீர் என்று வெளியே தெரியும் ஆபத்து எல்லாவற்றுக்கும் விதி இருந்தது.

முதல் வாரங்களில் கண்டது

தொடக்கத்தில் பிள்ளைகளுக்குத் திடலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிலர் "டீச்சர், இப்ப என்ன செய்யணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். புல் காலில் பட்டதற்கே ஒரு பையன் அழுதான். தலைமையாசிரியர்தான் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வந்து, ஒன்றைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தன் கையிலேயே வைத்துக் காட்டினார். அந்த நிமிடத்தோடு கூச்சம் போயிற்று. கொட்டைச் சண்டை, கொட்டைப் பல்லாங்குழி எல்லாம் தானாகவே வந்தன. பச்சைக் கொட்டையின் பருப்பில் நஞ்சு உண்டு, வாயில் வைக்கக்கூடாது என்பதை அன்றே சொல்லிக் கொடுத்தோம்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பாலர் பள்ளியில் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டும் பிள்ளை. பாட்டிதான் கூட்டி வருவார், பாட்டிதான் கூட்டிப் போவார். ஒருநாள் செம்பனையின் முதல் நிரையில், தாழ்வாகப் பூத்திருந்த ஒரு மரத்தின் முன் அவள் நின்றுவிட்டாள். ஆண் பூவின் விரல் விரலான கதிர்களில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்பு வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் மூக்கை அருகே கொண்டுபோய், "டீச்சர், சோம்பு வாசம்" என்றாள். உண்மைதான். செம்பனை ஆண் பூ விரியும்போது சோம்பு மணம் வீசும்; அந்த மணத்துக்குத்தான் வண்டு வருகிறது. மற்ற பிள்ளைகள் ஓடிவந்து முகர்ந்தார்கள். "எங்க பாட்டி கோழிக்கறிக்குப் போடுவாங்க" என்று அவளே தொடர்ந்தாள். வகுப்பறையில் அவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் நேராக அந்த மரத்துக்குத்தான் போவாள்.

வருகை குறைந்தது

ஒரு வாரம் அந்தச் சிறுமி வரவில்லை. அடுத்த வகுப்பில் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் 18 பேர் 7 பேராகிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்: "பாம்பு இருக்காம் டீச்சர், பயமா இருக்கு."

எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்தது. பாம்பு பற்றி ஒரு விளக்கக் கூட்டம் வைத்து, திடலைச் சுற்றிப் புல்லை வெட்டிவிட்டால் போதும் என்பது ஒன்று. காரணம் அதுவாக இருக்காது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பாம்புக்காக மொத்தமாக விலகமாட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் என்பது தலைமையாசிரியரின் வாதம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல முடியாததை வாசற்படியில் உட்கார்ந்து சொல்வார்கள் என்றார். அவர் சொன்னபடியே செய்தோம்.

வீட்டு வாசலில்

சிறுமியின் பாட்டி எங்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு வெகுநேரம் வேறு பேச்சே பேசினார். மகன் அதே தோட்டத்தில் பழம் அறுக்கிறார். வீடும் தோட்டத்து வீடு. கிளம்பும் நேரத்தில் பாலர் பள்ளி ஆசிரியையைப் பார்த்துச் சொன்னார்:

"பாம்புக்குப் பயப்படுற ஆளா டீச்சர் நான்? அந்த நிரையில மருந்து அடிச்சிருக்காங்க. புல்லப் பாத்தாலே தெரியும். நுனி சோந்து மஞ்சளடிச்சுக் கிடக்கு, வாசமும் போகல. புள்ளைங்க அதுலயே மண்டி போட்டு உக்காந்துகிட்டு, அந்தக் கையாலயே பிஸ்கட் திங்குதுங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"யாருகிட்ட சொல்றது? நான் சொன்னேன்னு ஆபீசுக்குப் போச்சுன்னா, என் மகன்தானே அங்க வேலைக்கு நிக்கணும்."

இந்த ஆய்வில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்தப் பதில்தான். தோட்டங்களில் களைக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடித்தவர்கள். அவர்கள் அடித்தவற்றுள் ஒன்றான பாராகுவாட், மூக்கில் இரத்தம் வரச் செய்யும், நகத்தைச் சிதைக்கும். 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் அதற்குத் தடை வந்தது. அந்தப் பாட்டியின் இரண்டு கட்டைவிரல் நகங்களும் இன்றும் நேராக வளர்வதில்லை. வாடிய புல்லின் நிறத்தை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டணத்தில் அவரைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆபத்தை முதலில் அடையாளம் காணக்கூடியவர்கள் அவர்கள்தான். ஆனால் வாய்திறந்தால் யார் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், பாம்பு என்ற பொதுவான ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். மற்ற வீடுகளிலும் விசாரித்தோம். அந்தப் பாட்டி நான்கைந்து பேரிடம் காதோடு சொல்லியிருந்தார். அவர்கள் எல்லாரும் "பாம்பு" என்றே எங்களுக்கு எழுதியிருந்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்று இரவே வகுப்பை நிறுத்தினோம். என்ன அடிக்கப்பட்டது, எப்போது அடிக்கப்பட்டது என்று தெரியும்வரை திடலிலும் வேண்டாம் என்பதே முடிவு.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. உண்மையைச் சொன்னால் மீதமிருக்கும் 7 பேரையும் இழந்துவிடுவோம், திடலுக்கு மாறிவிட்டுப் பேசாமல் தொடரலாம் என்ற எண்ணமும் எங்களில் ஒருவருக்கு இருந்தது. மருத்துவ உதவியாளர் அதை ஏற்கவில்லை. மருந்து பட்ட பிள்ளைக்கு நாளைக்கு வாந்தியோ, தோல் அரிப்போ, கண் எரிச்சலோ வந்தால், பெற்றோர் கிளினிக்கில் சொல்ல வேண்டிய முதல் தகவல் அது. மறைத்தால் சிகிச்சையே திசைமாறும். ஆகவே 18 குடும்பங்களுக்கும் குரல்பதிவு அனுப்பினோம்: செம்பனை நிரையில் களைக்கொல்லி அடிக்கப்பட்டிருக்கலாம், அன்று போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், காலணியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடம்புக்கு ஏதாவது என்றால் இதைச் சொல்லிக் காட்டுங்கள். யார் தகவல் கொடுத்தது என்பது அதில் இல்லை. அதைக் கேட்டுவிட்டு மேலும் மூன்று பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிள்ளைகளில் யாருக்கும் அந்த நாட்களில் உடல்நலக் கோளாறு ஏற்படவில்லை.

அடுத்து தோட்ட அலுவலகம். பாட்டியின் பெயர் எந்த வகையிலும் வெளியே வரக்கூடாது என்பதால், முறையீடாக இல்லாமல் அட்டவணை கேட்கும் கோரிக்கையாகக் கடிதம் எழுதினோம். தலைமையாசிரியரும் மருத்துவ உதவியாளரும் மட்டும் போனார்கள்; இருவருக்கும் தோட்டத்தோடு வேலைத் தொடர்போ குடும்பத் தொடர்போ கிடையாது. மேலாளர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காட்டுக்கு அடுத்த வாரம் திட்டமிட்டிருந்த மருந்தடிப்பு, மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று முன்தள்ளப்பட்டிருந்தது. அனுமதி வாய்மொழியாக அவரோடு நின்றதால், களத்தில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மண்டோருக்கு அங்கே பிள்ளைகள் வருவதே தெரியாது. மருந்தடித்தவர்கள் வங்காளதேசத் தொழிலாளர்கள். காலையில் அடித்துவிட்டுப் போனவர்களுக்கு மாலையில் அங்கே யார் உட்காருவார்கள் என்று தெரிய வழியில்லை.

அலுவலகத்தில் மருந்தின் லேபிளைக் காட்டினார்கள். அடித்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து உள்ளே போகலாம் என்று அதில் இருந்தது. அந்த அளவை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது காலணியும் முழு உடுப்புமாக நின்று வேலை செய்யும் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐந்து வயதுப் பிள்ளை தரையோடு தரையாகத் தவழும், கையை வாயில் வைக்கும், உடல் எடையும் குறைவு. ஆகவே செம்பனை நிரைக்குள் பிள்ளைகளை இனி அழைத்துப் போவதே இல்லை என்று முடிவெடுத்தோம். வாய்க்கால்தான் எல்லை. திடலிலும் ரப்பர் மரங்களடியிலும் மருந்தடிப்பதில்லை என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தது. வாய்க்காலை ஒட்டிய நிரைகளில் மருந்தடித்தால், காற்றில் சாரல் வரக்கூடும் என்பதால், அந்த வாரம் முழுக்க வகுப்பு கோயில் மண்டபத்தில்.

அடுத்த முடிவு, பாட்டிகளைக் கூப்பிடுவது. வகுப்புக்கு முன் திடலைச் சுற்றி வந்து "இன்னிக்கு உக்காரலாம்" என்று சொல்லும் பொறுப்பை, முன்பு வெளிக்காட்டில், அதாவது தோட்டத்துக்குள், வேலை செய்த இரண்டு பெண்களிடம் ஒப்படைத்தோம். ஒருவர் அந்தச் சிறுமியின் பாட்டி. முதலில் தயங்கினார். மகனிடம் கேட்டுவிட்டு, அலுவலகத்துக்கும் தெரிந்த ஏற்பாடு என்று உறுதியான பிறகே வந்தார்.

அதன் பிறகு

பாட்டி வந்த முதல் நாளே, நாங்கள் அறியாத இன்னோர் ஆபத்தைக் காட்டினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் கிடந்த எலி மருந்துக் கட்டிகள். நிறமேற்றிய மெழுகுக் கட்டி, பிள்ளை கண்ணுக்கு மிட்டாய்போல இருக்கும். மழையில் அடித்துவரப்பட்டு ஒன்று வாய்க்கால் கரையிலேயே ஒதுங்கியிருந்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, குச்சியால் சுட்டிக்காட்டி, "இத பாத்தா தொடக்கூடாது, பாட்டியக் கூப்பிடணும்" என்று அவர் சொன்ன விதத்தை எங்களில் யாராலும் செய்திருக்க முடியாது.

செம்பனைப் பூவைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிரைக்குப் போக முடியாது. சிறுமியின் அப்பா, மருந்தடிக்காத காட்டிலிருந்து ஓர் ஆண் பூவை வெட்டிக் கோணியில் போட்டுக் கொண்டுவந்தார், வண்டுகளோடு. திடலில் பாயை விரித்து அதை வைத்தபோது பாட்டி பேசத் தொடங்கினார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மகரந்தத்தைச் சுமந்துபோகும் இந்த வண்டு இந்த நாட்டில் கிடையாது. மகரந்தத்தைத் தூளோடு கலந்து, நீளக் குழாயால் பெண் பூவுக்குள் ஊதுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. மரம் மரமாகப் போக வேண்டும். கேமரூனிலிருந்து தருவித்த வண்டை 1981இல் ஜொகூரின் குளுவாங் பகுதியில் முதலில் விட்டார்கள். அது பரவியதும் அந்த வேலையே இல்லாமல் போனது. "அப்புறம்தான் என்னை மருந்தடிக்கப் போட்டாங்க" என்றார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நின்ற பெரியவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் எதிர்த்துப் பேசிய தாத்தா, தான் எத்தனை மரம் ஊதியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார்.

காட்டில் உழைத்ததை மறக்க வேண்டிய ஒன்றாக நினைத்தவர்கள், அதையே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த அறிவாக அன்று எடுத்துப் பேசினார்கள். திட்டத்தின் உண்மையான பலன் என்று நாங்கள் கருதுவது இதைத்தான். பிள்ளைகளின் கவனம் கூடியது, பேச்சு கூடியது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவை இதன் தொடர்ச்சியாக வந்தவை.

எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. தோட்டம் எலிக்காக வைத்திருக்கும் கூகைக் கூண்டின் அடியில் கிடைத்த, கூகை செரிக்காமல் கக்கிய உருண்டைகளைக் கையுறை போட்டுப் பிரித்து எலி எலும்பு பார்த்த நாள், ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்று ஒரு குடும்பம் சண்டைக்கு வந்தது. அவர்கள் பிள்ளைக்கு அந்தப் பாடம் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டோம். 18 பேரில் 13 பேர் திரும்பினார்கள். புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். திரும்பாதவர்களில் இருவர் ஊர் மாறிப் போனவர்கள், மற்றவர்களை வற்புறுத்தவில்லை.

மாற்ற வேண்டியவை

அடுத்த தோட்டத்தில் இப்படி ஒரு வகுப்பு தொடங்குபவர்கள், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அங்கே மருந்தடித்த, ரப்பர் பால் வெட்டிய, பழம் பொறுக்கிய பெண்களைக் கூட்டி நிலத்தைச் சுற்றி வர வேண்டும். அந்த நடை முடிந்த பிறகே விதிகளை எழுத வேண்டும்.

அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். அது மேலாளரின் மேசையோடு நிற்காமல் மண்டோர்வரை போய்ச்சேர வேண்டும். மருந்தடிக்கும் நாளில் வாய்க்கால் கரையில் சிவப்புத் துணி கட்டும் ஏற்பாட்டை இப்போது தோட்டம் செய்கிறது. அறிவிப்புப் பலகை தமிழ், மலாய், வங்காளம் ஆகிய மூன்று மொழியிலும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தமிழும் மலாயும் வந்துவிட்டன.

பெற்றோர் குறை சொல்வதற்கு, தோட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவரின் தொலைபேசி எண் முதல் நாளே கொடுக்கப்பட வேண்டும். எங்கள் திட்டத்தில் இப்போது அது தலைமையாசிரியரின் எண். அதில் வரும் செய்திகளை யார் சொன்னது என்று மற்ற மூவருக்கும் அவர் சொல்வதில்லை.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. திடலைச் சுற்றிவரும் இரண்டு பாட்டிகளுக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளைய அம்மாக்களுக்கு வெளிக்காட்டு அனுபவம் கிடையாது. கம்பெனி வேலை விட்டு வருவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிகளோடு சேர்ந்து நிலத்தைச் சுற்றிவர மூன்று அம்மாக்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சிறுமியின் அம்மா.